பழுதை மறைக்காத கோப்பு முறைமை

பாலாற்றின் வடகரையில், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குச் செல்லும் சாலையில் அமைந்த செவிலிமேட்டிலும் அதைச் சூழ்ந்த நெசவுத் தெருக்களிலும், பட்டுச் சேலையின் கரையும் முந்தியும் புட்டாவும் பல தலைமுறைகளாக ஜக்கார்டு அட்டைகளில்தான் பாதுகாக்கப்பட்டு வந்தன. கட்டத்தாளில் எழுதிய டிசைனைப் பார்த்து அட்டைகளில் துளையிட்டு, ஓர் ஊடைக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் அவற்றைக் கோத்துக் கட்டித் தறியின் மேலுள்ள பெட்டியில் ஏற்றுவார்கள். துளை உள்ள இடத்தில் கொக்கி மேலெழுந்து பாவு நூலைத் தூக்கும். இன்று காஞ்சிபுரம் வட்டாரத்தின் டிசைன்கள் கணினியில் வரையப்படுகின்றன. மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறிகளில் அட்டைக்கே இடமில்லை, பென்டிரைவில் வந்த கோப்பே கொக்கிகளை இயக்குகிறது. அட்டை கிழிந்தால் நெசவாளர் அதைத் தம் கண்ணாலேயே காண்பார். கோப்பைத் தாங்கிய வட்டின் ஒரு சிறு பகுதி பழுதானால் அதை முதலில் அறிவது யார், அறிந்தவர் அதை உரியவரிடம் சொல்கிறாரா என்னும் கேள்விகள், கணினி அறிவியலில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டு இன்னும் முற்றுப்பெறாமல் இருக்கின்றன.

பழுதின் அளவை உணர ஒரு சிறு கணக்கு போதும். 480 கொக்கிகள் கொண்ட ஜக்கார்டுக்கு, சுருக்கப்படாத வடிவில் டிசைன் எழுதப்பட்டுள்ளதாகக் கொண்டால், ஓர் ஊடைக்கு 480 பிட்டுகள், அதாவது 60 பைட்டுகள் தேவைப்படும். கணினி வட்டை நிர்வகிக்கும்போது பெரும்பாலும் 4096 பைட்டுகளை ஒரு பிளாக்காகக் கொள்கிறது என்பதால், ஒரே ஒரு பிளாக் கெட்டாலும் ஏறத்தாழ 68 ஊடைகளுக்கான கட்டளை போய்விடும். அந்த பிளாக் டிசைனின் பகுதியாக இல்லாமல், எந்தக் கோப்பு வட்டில் எங்கே உள்ளது என்று குறித்து வைக்கும் விவரப் பகுதியாக இருந்துவிட்டால், ஒரு கோப்பு மட்டுமன்றி ஒரு கோப்புறை முழுவதுமே கைக்கு எட்டாமல் போகலாம். மெட்டாடேட்டா எனப்படும் இவ்விவரப் பகுதியையும் கோப்புகளின் உள்ளடக்கத்தையும் சேர்த்து நிர்வகிக்கும் மென்பொருளே கோப்பு முறைமை. அது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள், பயனரின் கண்ணில் படாத இடத்தில் இயங்குகிறது.

பிழை மேலேறும் வழி

டிசைன் மென்பொருள் ஒரு கோப்பைப் படிக்கக் கேட்கும்போது, அந்தக் கோரிக்கை முதலில் கெர்னலின் கோப்பு முறைமைக்குப் போகிறது. கோப்பு முறைமை அதை 'இன்ன எண்ணுள்ள பிளாக்குகள் வேண்டும்' என்று மாற்றி அடுத்த அடுக்குக்கு அனுப்ப, அங்கிருந்து அது டிரைவர் எனப்படும் சாதன இயக்கிக்கும், கடைசியாக வட்டுக்குள்ளேயே இருக்கும் சிறு கணினிக்கும் போய்ச் சேர்கிறது. பழுது நேரும்போது செய்தி இதே வழியில் கீழிருந்து மேலே ஏறி வர வேண்டும். செக்டர் எனப்படும் சிறு பகுதிகளாகப் பிரிந்துள்ள வட்டு, 'இந்தச் செக்டரைப் படிக்க முடியவில்லை' என்கிறது. டிரைவர் சில முறை மீண்டும் முயன்று பார்க்கிறது. முடியாதபோது அதைப் பிழை எண்ணாக்கி மேலே தருகிறது. கோப்பு முறைமை அதைக் கேட்டு முடிவெடுத்து, 'உள்ளீடு வெளியீட்டுப் பிழை' என்று பொருள்படும் 5 என்ற எண்ணை மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. யூனிக்ஸ் மரபில் ஈஐஓ என்று பெயர்பெற்ற இந்த எண் வழியில் எந்த அடுக்கில் தவறிப்போனாலும், மேலே இருப்பவருக்குப் பழுது நேர்ந்ததே தெரியாது.

வட்டும் தன் பங்குக்குப் பல பழுதுகளைத் தானே சமாளித்துக்கொள்கிறது. ஒவ்வொரு செக்டருடனும் பிழை திருத்தும் குறியீடு ஒன்றைச் சேர்த்து எழுதுவதால் சிறு சிதைவுகளை அது உடனே சரிசெய்துவிடும். எழுதும்போது ஒரு செக்டர் கெட்டிருப்பது தெரிந்தால், ஒதுக்கி வைத்திருக்கும் உபரி செக்டர் ஒன்றில் எழுதிவிட்டு, கேட்பவருக்கு அந்த மாற்றம் தெரியாதபடி பார்த்துக்கொள்ளும். ஆகவே எழுதுவதில் ஏற்பட்ட தோல்வி கெர்னல் வரை வந்து சேர்கிறது என்றால், உபரி இடம் தீர்ந்துவிட்டது, அல்லது வட்டுக்கும் கணினிக்கும் இடையிலான இணைப்பே கெட்டுவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். படிப்பதில் நேரும் தோல்வி இதிலிருந்து வேறுபட்டது. அங்கே இருந்த உள்ளடக்கம் என்னவென்று வட்டுக்கே தெரியாத நிலையில் அதனால் மாற்று இடத்தில் எதையும் எழுதி வைக்க முடியாது. இன்னொரு பிரதி வேறெங்காவது இருந்தால் மட்டுமே மீட்புக்கு வழியுண்டு.

முழுதும் கெடாத வட்டு

கோப்பு முறைமைகளை எழுதியோர் நெடுங்காலம் வரை ஓர் எளிய அனுமானத்தை நம்பியிருந்தனர்: வட்டு ஒன்று முழுமையாக வேலை செய்யும், அல்லது முழுமையாக நின்றுவிடும். உண்மை நிலை வேறாக இருந்ததை, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாடிசன் வளாகத்தில் ஆந்திரியா அர்பாசி-டுசோ, ரெம்சி அர்பாசி-டுசோ ஆகிய பேராசிரியர்களின் குழு தொடர்ச்சியான ஆய்வுகளால் நிறுவியது. அக்குழுவின் கட்டுரைகளைப் புரட்டும் தமிழ் வாசகருக்கு விஜயன் பிரபாகரன், லட்சுமி பைரவசுந்தரம், தாணுமாலயன் சங்கரநாராயண பிள்ளை, ராம்நாத்தன் அழகப்பன், ஐஸ்வர்யா கணேசன் என்று பழகிய பெயர்கள் வரிசையாகத் தென்படும்.

பைரவசுந்தரமும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நெட்ஆப் நிறுவனத்தின் சேமிப்பு அமைப்புகளில் இருந்த ஏறத்தாழ 15.3 லட்சம் வட்டுகளை 32 மாதங்களுக்குப் பின்தொடர்ந்தது. அவற்றில் 3.45 சதவீத வட்டுகளில், படிக்கப் போகும்வரை வெளியே தெரியாமல் உறங்கும் செக்டர் பழுதுகள் இருந்தன. வட்டு வெளிப்பார்வைக்கு நலமாக இயங்கிக்கொண்டிருக்க, அதன் ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு இதைவிடக் கவலைக்குரிய ஒன்றைக் காட்டியது. வட்டு எந்தப் பிழையும் சொல்லாமல் தவறான தரவைத் தந்த நிகழ்வுகள், 41 மாதங்களில் 4 லட்சத்துக்கும் மேல் பதிவாயின. எழுதியதாகச் சொல்லிவிட்டு எழுதாமல் விடுவதும், ஓரிடத்தில் எழுத வேண்டியதை வேறோர் இடத்தில் எழுதிவிடுவதும் இவ்வகையில் அடங்கும். பிழை எண்ணை மட்டுமே நம்பும் கோப்பு முறைமைக்கு இத்தகைய பழுதைக் கண்டுபிடிக்கும் வழியே கிடையாது. தரவுடன் ஒரு சரிபார்ப்புத் தொகையையும் கணக்கிட்டு வைத்திருந்து, படிக்கும்போது மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டால் மட்டுமே அது பிடிபடும்.

நான்கு கோப்பு முறைமைகள், நான்கு குணங்கள்

இந்தப் பகுதிப் பழுதுகளை அக்காலத்தின் கோப்பு முறைமைகள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதை 2005இல் பிரபாகரன் முதலான ஆறு ஆய்வாளர்கள் சோதித்தனர். 'அயர்ன்' என்ற பெயரால் அறியப்படும் அந்த ஆய்வில், வட்டுக்கும் கோப்பு முறைமைக்கும் நடுவே ஒரு மென்பொருளைச் செருகி, குறிப்பிட்ட பிளாக்கைப் படிக்கும்போதோ எழுதும்போதோ வேண்டுமென்றே பிழையைத் தந்து, ஒவ்வொரு கோப்பு முறைமையும் என்ன செய்கிறதென்று பதிவு செய்தார்கள். லினக்ஸின் எக்ஸ்ட்3, ரைசர்எஃப்எஸ், ஐபிஎம் உருவாக்கிய ஜேஎஃப்எஸ், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஆகிய நான்கும் சோதனைக்கு உள்ளாயின. எழுதுவதில் தோல்வி நேர்ந்தால் ரைசர்எஃப்எஸ் கணினியையே நிறுத்திவிடும். என்டிஎஃப்எஸ் விடாப்பிடியாகத் திரும்பத் திரும்ப முயலும். ஜேஎஃப்எஸ் ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் வேறொன்றுமாகச் செய்யும். எக்ஸ்ட்3 பல இடங்களில் எழுதும் தோல்வியைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

எக்ஸ்ட்3இன் குறை எத்தகைய கேட்டைத் தரும் என்பதை உணர, ஜர்னல் எனப்படும் முன்பதிவேட்டைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். மெட்டாடேட்டாவில் செய்ய வேண்டிய மாற்றங்களைக் கோப்பு முறைமை நேரடியாக அவற்றின் இடத்தில் எழுதிவிடாமல், முதலில் ஜர்னலில் எழுதி, 'இத்தொகுதி முழுமை பெற்றது' என்று ஒரு முடிவுக் குறியையும் இட்ட பிறகே உரிய இடங்களில் எழுதும். நடுவில் மின்சாரம் போய்விட்டால், மறுபடி இயங்கத் தொடங்கும்போது ஜர்னலைப் படித்து, முடிவுக் குறி உள்ள தொகுதிகளை மட்டும் மீண்டும் நிறைவேற்றும். ஜர்னலுக்குள் ஒரு பிளாக் எழுதப்படாமல் போனாலும் எக்ஸ்ட்3 முடிவுக் குறியை எழுதிவிடும் என்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அதன் விளைவாக, அடுத்த முறை மின்வெட்டுக்குப் பின் மீட்பு நடக்கும்போது, பழுதான ஜர்னலில் இருக்கும் பழைய குப்பையைக் கோப்பு முறைமை தன் கையாலேயே எடுத்து, நல்ல மெட்டாடேட்டாவின் மேல் எழுதிவிடக்கூடும். பாதுகாப்புக்கென்று அமைத்த ஏற்பாடே, ஒரு பிழை எண்ணைப் புறக்கணித்ததால், கெடுதலைப் பரப்பும் கருவியாகிவிடுகிறது.

ஆய்வாளர்கள் குறையைச் சுட்டியதோடு நிற்காமல், ஜர்னலின் ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகை இடும் முறையையும் உருவாக்கிக் காட்டினார்கள். தொகை ஒத்துவராத தொகுதியை மீட்பின்போது ஒதுக்கிவிடலாம். அந்த யோசனை, 2008 டிசம்பரில் லினக்ஸ் 2.6.28 பதிப்போடு நிலைபெற்ற எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் ஜர்னலில் இடம்பெற்றது. 2012இல் வெளிவந்த கெர்னல் 3.5 முதல் மெட்டாடேட்டா முழுவதற்கும் சரிபார்ப்புத் தொகை வைத்துக்கொள்ளும் வசதியும் எக்ஸ்ட்4இல் சேர்ந்தது. சென்னையில் சி-டாக் உருவாக்கி, தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே மாணவர்களின் கைகளுக்குப் போய்ச் சேர்ந்த பாஸ் லினக்ஸும் இதே லினக்ஸ் கெர்னலின் மேல் நிற்பதே.

இதே குழுவைச் சேர்ந்த ஹர்யாதி குனாவி முதலானோர் 2008இல் லினக்ஸின் கோப்பு முறைமைகள் அனைத்தின் நிரல்களையும் முக்கியமான சில சாதன இயக்கிகளின் நிரல்களையும் கருவி கொண்டு அலசினர். ஒரு செயற்கூறு பிழை எண்ணைத் திருப்பித் தர, அழைத்த நிரலோ அதைப் பார்க்காமலே விட்டுவிட்ட இடங்கள் 1,153 என்று எண்ணப்பட்டன. ஆராய்ந்த அழைப்புகளில் இது 13 சதவீதம். கவனக்குறைவு மட்டும் இதற்குக் காரணமன்று. எழுதும் பணி பின்னணியில் தனியாக நடக்கும்போது, பிழை வந்து சேரும் நேரத்தில் அதைக் கேட்க வேண்டிய நிரல் முடிந்து போயிருக்கும். யாரிடம் சொல்வதென்றே தெரியாத நிலை உருவாகிவிடும்.

தாமதமாக வரும் தோல்வி

அந்த நிலை ஏன் உருவாகிறது என்பதற்கான விடை, கணினியின் வேகத்துக்காகச் செய்யப்பட்ட ஓர் ஏற்பாட்டில் இருக்கிறது. மென்பொருள் ஒரு கோப்பை எழுதச் சொன்னதும், கெர்னல் அதைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு 'ஆயிற்று' என்று பதில் சொல்லிவிடுகிறது. வட்டுக்கு அது போய்ச் சேர, வழக்கமான அமைப்பில், அரை நிமிடம் வரைகூட ஆகலாம். வட்டில் உறுதியாக எழுதப்பட்டதா என்று அறிய விரும்பும் மென்பொருள், 'எஃப்சிங்க்' என்ற கட்டளையால் கெர்னலை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். வங்கிக் கணக்கு, கூட்டுறவுச் சங்கத்தின் பாவுக் கணக்கு, கடை பில் ஆகிய எதைப் பராமரிக்கும் தரவுத்தளமும் இந்த ஒரு கட்டளையின் பதிலை நம்பியே 'பதிவாகிவிட்டது' என்று பயனரிடம் சொல்கிறது.

அந்த நம்பிக்கையில் இருந்த விரிசல் 2018இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தை உருவாக்குவோரிடையே வெளிச்சத்துக்கு வந்தது. எஃப்சிங்க் தோல்வி அடைந்தால் சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலலாம் என்று அவர்கள் அதுவரை எண்ணியிருந்தனர். லினக்ஸ் கெர்னலோ, எழுத முடியாமற்போன நினைவகப் பக்கத்தையும் 'எழுதியாயிற்று' என்றே குறித்து வைத்தது. ஆகவே இரண்டாம் முறை கேட்டபோது எழுத வேண்டியது ஒன்றும் மீதியில்லை என்று கண்டு 'வெற்றி' என்று பதில் தந்தது. போதாக்குறைக்கு, ஒரே கோப்பை இரண்டு நிரல்கள் திறந்து வைத்திருந்தால், பழைய கெர்னல்களில் முதலில் கேட்டவரிடம் பிழையைச் சொன்னதுமே அந்தக் குறி அழிந்துவிடும். அடுத்துக் கேட்டவருக்கு எல்லாம் நலம் என்ற பதில்தான் கிடைக்கும். பின்னதாகச் சொன்ன குறையை, ஜெஃப் லேட்டன் எழுதி 2017இன் கெர்னல் 4.13இல் சேர்ந்த மாற்றம் பெருமளவு தீர்த்தது. அதன்படி, பிழை ஒவ்வொன்றும் வரிசை எண்ணுடன் பதிவாகிறது; கோப்பைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தாம் கடைசியாகப் பார்த்த எண்ணோடு ஒப்பிட்டு, இடையில் பழுது நேர்ந்ததா என்று தனித்தனியே அறிந்துகொள்கிறார்கள்.

முதலில் சொன்ன சிக்கலுக்குக் கெர்னலில் எளிய மருந்து இல்லை. எழுத முடியாத பக்கங்களை என்றென்றும் நினைவகத்தில் தேக்கி வைத்தால், பிடுங்கப்பட்ட ஒரு பென்டிரைவுக்காகக் கணினியின் நினைவகம் முழுவதும் அடைபட்டுவிடக்கூடும் என்ற நியாயமான அச்சம் கெர்னல் எழுதுவோருக்கு உண்டு. போஸ்ட்கிரெஸ் குழு தன் வழியை மாற்றிக்கொண்டது: 2019 பிப்ரவரியில் வெளிவந்த பதிப்புகள் முதல், எஃப்சிங்க் தோல்வி அடைந்தால் தரவுத்தளம் தன்னை உடனே நிறுத்திக்கொண்டு, தான் தனியே எழுதி வைத்திருக்கும் முன்பதிவிலிருந்து மீண்டெழுகிறது. அந்தோனி ரெபெல்லோ, யுவராஜ் பட்டேல், ராம்நாத்தன் அழகப்பன் ஆகியோர் பேராசிரியர்களுடன் இணைந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு, ரெடிஸ், எஸ்க்யூலைட் உள்ளிட்ட ஐந்து மென்பொருள்களை மூன்று கோப்பு முறைமைகளின் மேல் சோதித்துவிட்டு, எஃப்சிங்க் தோல்வியை எதிர்கொள்ள அவை கையாளும் வழிகளில் எதுவும் போதுமானதாக இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அடித்தளத்தில் இருக்கும் கோப்பு முறைமை தோல்விக்குப் பின் எந்த நிலையில் நிற்கும் என்பதே ஒன்றுக்கொன்று மாறுபட்டது.

தொடர்வதா, நிற்பதா

இன்றைய கெர்னலில் பழுதைச் சந்திக்கும் கோப்பு முறைமைக்கு முன் சில வழிகளே உள்ளன: மீண்டும் முயல்வது, மாற்றுப் பிரதியிலிருந்து மீட்பது, பிழையைச் சொல்லிவிட்டுத் தொடர்வது, எழுதுவதை அறவே நிறுத்துவது. எக்ஸ்ட்4இல் இத்தேர்வு நிர்வாகியிடம் விடப்பட்டுள்ளது. மெட்டாடேட்டாவில் பிழை கண்டால் அப்படியே தொடரலாம், வட்டை 'படிக்க மட்டும்' என்ற நிலைக்கு மாற்றலாம், அல்லது கணினியையே நிறுத்தலாம். டெபியன் வகை லினக்ஸ்கள் இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதிக்கு நிறுவும்போதே இரண்டாவது வழியை எழுதி வைத்துவிடுகின்றன. ஜர்னலில் எழுத முடியாமல் போனால், மாற்றங்களை ஒழுங்காக நிறைவேற்றும் அடிப்படையே போய்விடுவதால், எக்ஸ்ட்4 ஜர்னலைக் கைவிட்டு மேற்கொண்டு எழுதுவதை மறுத்துவிடும். எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையும் தன் பதிவேட்டில் எழுத முடியாதபோது முழுதும் மூடிக்கொள்ளும். மற்ற மெட்டாடேட்டாவை எழுதுவதில் தோல்வி வந்தால் எத்தனை முறை முயல வேண்டும் என்பதை, கெர்னல் 4.7 முதல், பிழையின் வகைக்கேற்ப நிர்வாகியே வகுத்து வைக்கலாம். சாதனமே காணாமற்போய்விட்டது என்ற பிழைக்கு மட்டும் அது இயல்பாகவே உடனடியாகத் தோல்வியை ஏற்றுக்கொள்கிறது. பிடுங்கிய வட்டுக்காகக் காத்திருப்பதில் பயனில்லை அல்லவா?

பிட்டிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகியவை இன்னும் ஒரு படி மேலே போய், மெட்டாடேட்டாவுக்கு மட்டுமன்றிக் கோப்பின் உள்ளடக்கத்துக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்திருக்கின்றன. இரண்டு வட்டுகளில் பிரதி இருக்கும்போது ஒன்று தவறான தரவைத் தந்தால், எது சரியானது என்று தொகையைக் கொண்டு தீர்மானித்து, நல்ல பிரதியைப் பயனருக்குத் தந்துவிட்டு, கெட்ட பிரதியின் மேல் அதையே எழுதிச் சரிசெய்துவிடும். பென்டிரைவுகளில் பெரும்பாலும் காணப்படும் ஃபேட் வகைக் கோப்பு முறைமையிலோ ஜர்னலும் இல்லை, சரிபார்ப்புத் தொகையும் இல்லை. டிசைனைத் தறிக்கு எடுத்துப் போகும் வாகனமாக அது இருக்கலாமே தவிர, டிசைன் தங்கும் ஒரே இடமாக இருக்கலாகாது.

எக்ஸ்ட்4இன் நிரலில் உள்ள ஒரு சிறு பகுதி இங்கே குறிப்பிடத் தக்கது. பிழை நேர்ந்ததும் அது, முதல் பிழை எந்த நேரத்தில், நிரலின் எந்தச் செயற்கூற்றில், எத்தனையாவது வரியில் கண்டறியப்பட்டது என்பதை வட்டின் தலைமைப் பதிவிலேயே எழுதி வைக்கிறது. கணினியை அணைத்து மீண்டும் இயக்கினாலும் அது அழிவதில்லை. வட்டை இணைத்து ஐந்து நிமிடம் ஆனதும் ஒருமுறையும், பிறகு 24 மணி நேரத்துக்கு ஒருமுறையும், சோதித்துச் சரிசெய்யும் வரை, கெர்னலின் பதிவேட்டில் அந்தப் பிழைக் கணக்கை விடாமல் எழுதிக்கொண்டே இருக்கிறது. 2005இல் தோல்வியைக் கேளாமல் விட்ட கோப்பு முறைமையின் வழித்தோன்றல், இன்று நாள்தோறும் நினைவூட்டும் அளவுக்கு மாறியிருக்கிறது.

பயனர் செய்யத் தக்கவை

வட்டு திடீரென 'படிக்க மட்டும்' என்ற நிலைக்குப் போனால், அதைக் கணினியின் அடாவடியாகக் கருதி, கட்டளை ஒன்றால் மறுபடி எழுதும் நிலைக்குத் திருப்பிவிடும் வழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. அது பேரிழப்புக்கு வழி வகுக்கும். எழுதுவது நின்ற கணத்தில் வட்டில் இருப்பதில் பெரும்பகுதி இன்னும் நலமாகவே இருக்கும். அதற்குப் பின் எழுதும் ஒவ்வொரு பிளாக்கும் அந்த நலத்தைப் பணயம் வைக்கிறது. முதலில் செய்ய வேண்டியது வேறு வட்டுக்குப் பிரதி எடுப்பது. பழுதுள்ள இடங்களைத் தாண்டிப்போய் நல்ல பகுதிகளை முதலில் மீட்கும் டிடிரெஸ்க்யூ போன்ற கருவிகள் இதற்கென்றே இலவசமாகக் கிடைக்கின்றன. கோப்பு முறைமையைச் சீர்செய்யும் கருவிகளும் வட்டில் எழுதக்கூடியவை என்பதால், பிரதி கைக்கு வந்த பிறகே அவற்றை இயக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்குகள் தம் நலத்தைப் பற்றித் தாமே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவேட்டில், மாற்றி எழுதப்பட்ட செக்டர்களின் கணக்கு 5ஆம் இலக்கத்திலும், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் கணக்கு 197ஆம் இலக்கத்திலும் பெரும்பாலும் இருக்கும். இவை ஏறத் தொடங்கினால் வட்டை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். உறங்கும் பழுது படிக்கும்போது மட்டுமே விழித்தெழும் என்பதால், சேமித்த டிசைன்களையும் கணக்குகளையும் அவ்வப்போது முழுமையாகப் படித்துப் பார்ப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

பழுதே நேராத வட்டை எவராலும் செய்ய இயலாது. நேர்ந்த பழுதை மறைக்காமல், தாமதிக்காமல், உரியவரிடம் சொல்வது மனிதர் எழுதும் நிரலின் கையில் இருக்கிறது. கெர்னல் தன் பங்கைச் செய்யக் கற்றுவருகிறது. கெர்னல் சொன்ன பிழையைக் கேட்டு அதற்கேற்ப நடப்பது, அதன் மேல் இயங்கும் டிசைன் மென்பொருளையும் பில் மென்பொருளையும் எழுதுவோரின் கடமை. அவற்றை விலை கொடுத்து வாங்கும் நெசவுக் கூட்டுறவுச் சங்கமும் கடைக்காரரும், 'சேமிக்கப்பட்டது' என்று திரையில் காட்டுவதற்கு முன் உங்கள் மென்பொருள் எஃப்சிங்க் கேட்கிறதா, அதன் பதில் தோல்வியாக இருந்தால் எங்களிடம் சொல்கிறதா என்று விற்பவரிடம் கேட்க உரிமை உடையவர்கள். அக்கேள்வியைக் கேட்பதற்குக் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. தம் உழைப்பு எங்கே எழுதப்படுகிறது என்ற அக்கறை ஒன்றே போதும்.